டி.நகரைக் கடக்க நாலு கண் வேணும்!

இந்த சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா? அப்படின்னா வாங்க, டி.நகருக்கு ஒரு நடை போயிட்டு வரலாம். பயப்படாதீங்க... பர்ஸுக்கு வேலையே இல்லை. துணி எடுக்கப் போறதில்லை. நகைக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கப் போறதில்லை. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி, உஸ்மான் ரோடு, பனகல் பார்க், பாண்டி பஜார் வழியா அண்ணா சாலை வரைக்கும் சும்மா நடக்கப் போறோம். வழியில நமக்கு ஒரே ஒரு வேலைதான். எதிர்ல வர்ற வண்டிக்காரங்க கண்ணைப் பார்க்கணும்!

'இதென்ன புதுக் கூத்து?'ன்னு கேட்கறீங்களா? நடந்து பாருங்க, புரியும்.

யாரையும் பார்க்க வேண்டாத வழி!

எலெக்ட்ரிக் டிரெயின்ல மாம்பலத்துல இறங்கினதும் கூட்டம் உங்களை அப்படியே ரங்கநாதன் தெருப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போகும். தள்ளுக்கு மசியாதீங்க. மேலே பாருங்க, ஆகாய நடைமேம்பாலம். 2023 மே மாசம் திறந்தாங்க. மாம்பலம் ஸ்டேஷனையும் டி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கிற இந்தப் பாலத்தோட நீளம் 570 மீட்டர்.

அதுல ஏறி நடந்தா ஒரு விஷயம் கவனிப்பீங்க. உங்க தோள் தானா இறங்கும். காது ஓய்வெடுக்கும். ஃப்ரெண்டோட முகத்தைப் பார்த்துப் பேச முடியும். கீழே ஹாரன் சத்தம், மேலே நீங்க ராஜா! காரணம் ரொம்ப சிம்பிள். இந்த 570 மீட்டர்ல எந்த வண்டிக்காரரும் உங்களைப் பார்த்தாகணும்கற அவசியம் இல்லை. உங்க உயிர் உங்க கால்ல மட்டும் இருக்கு.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் படி இறங்கினதும் அந்த சொகுசு முடிஞ்சுது. இனிமே உங்க உயிர்ல பாதி, முன்பின் தெரியாத ஒருத்தரோட கண்ணுல இருக்கு.

உஸ்மான் ரோடு டியூஷன் சென்டர்

ரோடு கிராஸ் பண்றதுக்கு உலகத்துலயே பெரிய பயிற்சி நிலையம் நம்ம உஸ்மான் ரோடுதான். இங்க பாஸ் ஆனவங்க எங்க போனாலும் பாஸ். அஞ்சு நிமிஷம் ஓரமா நின்னு, பை தூக்கிக்கிட்டு வர்ற அம்மாக்களைப் பாருங்க. எப்படிக் கடக்கறாங்க?

முதல்ல ஒரு பார்வை. வர்ற வண்டியைப் பார்க்கறது இல்லை, அந்த வண்டியை ஓட்டுறவரைப் பார்க்கறது. அப்புறம் இடது கைல குழந்தை, வலது கை உள்ளங்கை மெதுவா உயரும். 'கொஞ்சம் நில்லுப்பா'ன்னு அர்த்தம். பைக்காரர் லேசா தலையை ஆட்டுவார். இல்லேன்னா ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துவார். அந்தச் சத்தம் குறையறதே ஒரு பதில்தான். சில சமயம் ஹெட்லைட்டை மினுக்குவார். அதுக்கு 'நீங்க போங்க'ன்னு அர்த்தம் இல்லைங்கறது நம்ம ஊருக்குப் புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது. 'நான் வர்றேன், நீ நில்லு'ன்னு அர்த்தம்!

இதெல்லாம் எந்த ஸ்கூல்லயும் சொல்லித்தரலை. ஆனா நம்ம எல்லோருக்கும் தெரியும். சிக்னல் இல்லாத இடத்துல, வரிக்குதிரைக் கோடு அழிஞ்சுபோன இடத்துல, நம்மைக் காப்பாத்துறது இந்தக் கண் பாஷைதான். சட்டப் புத்தகத்துல இல்லாத ஒப்பந்தம் இது. ரெண்டு பேர் கையெழுத்து போட்டாதான் செல்லும். ஒரு ஜோடிக் கண் ரோட்டைக் கடக்கறவருக்கு, இன்னொரு ஜோடி ஓட்டுறவருக்கு. மொத்தம் நாலு கண்!

இப்ப அதுல ரெண்டு கண் செல்போனுக்குப் போயிடுச்சுன்னு வெச்சுக்கங்க. அந்த அம்மா கையைக் காட்டுறாங்க. அவர் கண்ணு ஸ்க்ரீன்ல. இங்கேதான் பெரிய ஆபத்து. அந்த அம்மாவுக்கு அவர் பார்க்கலைங்கறது தெரியாது! தலை முன்னாடிதானே இருக்கு, வண்டி மெதுவாத்தானே வருதுன்னு நம்பி அடியெடுத்து வெச்சிடுவாங்க. வேகமா வர்ற வண்டின்னா நாமளே ஒதுங்கிடுவோம். போன்ல இருக்கறவர் பல சமயம் மெதுவாத்தான் வருவார். அதனாலயே அவர் வழிவிடறார்னு நாம நினைச்சுக்கறோம்.

கண் தெரியாதவங்களை நினைச்சுப் பாருங்க. வெள்ளைப் பிரம்போட நிற்கிற ஒருத்தர் இந்த ஒப்பந்தத்துல தன் பங்குக் கண்ணைத் தரவே முடியாது. ஓட்டுறவரோட ரெண்டு கண்ணை மட்டுமே நம்பிக் காலை வைக்கறார். அந்த ரெண்டும் போனுக்குள்ள இருந்தா?

பனகல் பார்க் கேலரி

சரி, கால் வலிக்குதா? பனகல் பார்க் வந்தாச்சு. ஒரு கொசுறுத் தகவல். 1920-கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கின நகர்தான் தியாகராய நகர். சர் பிட்டி தியாகராயர் பேர் நகருக்கு, பனகல் ராஜா பேர் பார்க்குக்கு. ரெண்டு பேருமே நீதிக்கட்சித் தலைவர்கள். அன்னிக்குத் தண்ணி நின்ன இடத்துல இன்னிக்கு வண்டி நிக்குது!

பார்க் ஓரமா நின்னு ரோட்டைப் பாருங்க. கையில ஒரு சின்ன நோட் வெச்சுக்கங்க. பத்து நிமிஷத்துல இந்த அஞ்சு பேரையும் பார்த்துடுவீங்க.

சுளுக்கு சுந்தரம்: தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்ச்சு பைக் ஓட்டுவார். சாஞ்ச பக்கத்துல யானையே வந்தாலும் தெரியாது.

ஹெல்மெட் செருகி: ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகி, ரொம்ப ஒழுக்கமா ஓட்டுறதா நினைப்பு. ஹெல்மெட் போட்டது தலைக்குப் பாதுகாப்பு. போன் போட்டது யாருக்கு?

தொடை வாசகர்: கார் பார்ட்டி. ரெட் சிக்னல்ல மடியில போனை வெச்சுக் குனிஞ்சவர், பச்சை விழுந்தும் நிமிர மாட்டார். பின்னாடி ஹாரன் அடிச்சதும் பதறிக் கிளப்புவார். கடைசியா கடந்துக்கிட்டு இருக்கற பாட்டியை அப்பதான் பார்ப்பார்.

மேப் மச்சான்: ஹேண்டில்பார்ல போன் மாட்டி, நீலக் கோட்டைப் பார்த்துக்கிட்டே போறவர். மேப்ல தெரு இருக்கும், கடை இருக்கும். தெருவைக் கடக்கற மனுஷன் மட்டும் இருக்க மாட்டான்.

ஒன் செகண்ட் ஒய்யாரி: 'யார்னு மட்டும் பார்த்துடறேன்'னு ஸ்கூட்டியை ஓட்டிக்கிட்டே போனை எடுக்கறவங்க. இதுல ஆண் பெண் பேதமே இல்லை!

சிரிச்சாச்சா? இப்ப கொஞ்சம் கணக்கு. வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர்னு வெச்சுக்கங்க. டி.நகர்ல இடைவெளி கிடைச்சா சர்வ சாதாரணமா போற வேகம்தான். 36 கிலோமீட்டர்னா நொடிக்கு 10 மீட்டர். மெசேஜ் வந்துதேன்னு 3 நொடி குனிஞ்சா 30 மீட்டர். ஒரு மாநகரப் பேருந்து சுமாரா 12 மீட்டர் நீளம். அதாவது ரெண்டரை பஸ் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறார். நிமிர்ந்து பார்த்து, பதறி, பிரேக் பிடிச்சு, வண்டி நிக்கறதுக்கு ஆகற தூரம் தனி!

இப்ப நம்ம பக்கத்துக் கணக்கு. 7 மீட்டர் அகல ரோட்டை, நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கற ஒரு தாத்தா கடக்க 7 நொடி ஆகும். அந்த 7 நொடியில பைக் 70 மீட்டர் வந்துடும். அதாவது, தாத்தா முதல் அடி வைக்கும்போது அந்த பைக் 70 மீட்டர் தள்ளி இருக்கு. 'அவ்வளவு தூரத்துல வர்றான், நம்மைப் பார்த்துட்டுதானே வருவான்'கற நம்பிக்கையிலதான் அவர் கால் வைக்கறார். அந்த நம்பிக்கைக்கு 3 நொடி குனிவு போதும், ஆப்பு.

'நான் ப்ளூடூத் பாஸ்!'

'என் கை ரெண்டும் ஹேண்டில்பார்லதான் இருக்கு, காதுல மட்டும்தான் பேசறேன்'னு ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-ல ஒரு ஆராய்ச்சி முடிவை வெளியிட்டாங்க. செல்போன்ல பேசிக்கிட்டே ஓட்டுற மாதிரி பயிற்சி செஞ்சவங்க, சிக்னலைக் கவனிக்காமத் தவறவிட்டது ரெண்டு மடங்கு. கையில பிடிச்சுப் பேசினாலும் சரி, கை இல்லாமப் பேசினாலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை! பிரச்னை கையில இல்லை பாஸ், மூளையில!

அது எப்படி, கண் ரோட்டைத்தானே பார்க்குது? இதுக்கும் ஒரு புகழ்பெற்ற சோதனை இருக்கு. 1999-ல ஹார்வர்டுல செஞ்சது. பந்து தூக்கிப் போட்டு விளையாடற வீடியோவைக் காட்டி, ஒரு அணி எத்தனை முறை பந்தைக் கைமாத்துதுன்னு எண்ணச் சொன்னாங்க. நடுவுல கொரில்லா வேஷம் போட்ட ஒருத்தர் வந்து, நெஞ்சைத் தட்டிட்டுப் போனார். பார்த்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு கொரில்லா வந்ததே தெரியலை! கண் திறந்துதான் இருந்துச்சு. மனசு எண்ணிக்கையில இருந்துச்சு. கொரில்லாவே தெரியலைன்னா, பூக்கூடையோட குறுக்கே போற அக்கா தெரிவாங்களா?

'அப்ப பின்னாடி உட்கார்ந்திருக்கற ஃப்ரெண்டோடயும் பேசக் கூடாதா?' நல்ல கேள்வி. பின்னாடி இருக்கறவருக்கும் அதே ரோடு தெரியும். யாராவது குறுக்கே வந்தா அவர் பேச்சை நிறுத்துவார். 'டேய், பார்த்து!'ன்னு கத்துவார். போன்ல இருக்கறவருக்கு ரோடு தெரியாது. அவர் பாட்டுக்கு, 'அப்புறம் என்னாச்சு?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். அந்தக் கேள்விக்கு பதில் தேடற நொடியிலதான் தாத்தா ரோட்டுல கால் வைக்கறார்.

வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்தறவங்க விபத்துல சிக்கற வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டுக் கணக்கும் பாருங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட அறிக்கைப்படி, 2022-ல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல நடந்து போனவங்க மட்டும் 32,825 பேர். தினம் சுமார் 90 பேர்! உங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு கிளாஸ் ரூம் காலியான மாதிரி, தினமும். போன் பயன்படுத்தினதால நடந்த விபத்துகள்ல 2021-ல 1,040 பேர் இறந்ததா அதே அமைச்சகத்தோட பதிவு. பதிவானது அவ்வளவுன்னுதான் இதை எடுத்துக்கணும். இடிச்சவர், 'ஆமா சார், நான் வாட்ஸ்அப் பார்த்துக்கிட்டு இருந்தேன்'னு தானா முன்வந்து சொல்லுவாரா என்ன?

சட்டம் இல்லாம இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தோட 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதலைப் பத்தினது. 2019 திருத்தத்துல, கையில போன் வெச்சுக்கிட்டு ஓட்டுறதையும் அதுல சேர்த்தாங்க. முதல் முறை மாட்டினா அந்தப் பிரிவுப்படி 1,000 முதல் 5,000 ரூபா வரை அபராதம், இல்லேன்னா 6 மாசம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. 2020 அக்டோபர்ல வந்த விதி, வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்தலாம்னு சொல்லுது. ஆனா போலீஸ்காரர் நிற்கிற மூலையில போன் பாக்கெட்டுக்குள்ள போகும். அடுத்த மூலையில வெளியே வந்துடும். தாத்தா கடக்கறது எப்பவும் அந்த அடுத்த மூலையிலதான்!

பாண்டி பஜார் ராஜபாட்டை

எழுந்திருங்க, நடப்போம். இப்ப நாம நுழையறது தியாகராய சாலை. சர்க்கார் பேர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. நமக்கு பாண்டி பஜார்! 2019 நவம்பர்ல நடைபாதை வளாகமா மாத்தித் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி இங்க நடந்தவங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க. இப்ப அகலமான நடைபாதை, மர நிழல், உட்கார பெஞ்ச். ஒரு ஐஸ்க்ரீம் வாங்கிக்கிட்டு உட்கார்ந்தா நேரம் போறதே தெரியாது. சென்னை மாநகராட்சி 2014-ல நடப்பவங்களுக்கும் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும்னு தனிக் கொள்கையே போட்டுச்சு. அதோட அடையாளமா இந்த ரோட்டைத்தான் எல்லோரும் காட்டுறாங்க.

ஆனா கவனிங்க. நடைபாதை எவ்வளவு அகலமா இருந்தாலும், ஒவ்வொரு குறுக்குத் தெருவிலயும் அது முடிஞ்சு மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல நாலு அடி தூரம் நீங்க ரோட்டுல இருப்பீங்க. இந்தப் பக்கக் கடையிலேர்ந்து எதிர்ப்பக்கக் கடைக்குப் போகணும்னாலும் அதே கதைதான். கோடிகள் கொட்டிக் கல் பதிக்கலாம். அந்த நாலு அடியில உங்களைக் காப்பாத்தற கல் இன்னும் கண்டுபிடிக்கலை. அங்க மறுபடி நாலு கண்தான்.

'நடக்கறவங்க மட்டும் யோக்கியமா? காதுல மாட்டிக்கிட்டு, ரீல்ஸ் பார்த்துக்கிட்டேதானே கடக்கறாங்க?'ன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். கடக்கும்போது போனைப் பையில போடுங்க, அது நம்ம பங்கு ரெண்டு கண்ணு. ஆனா ரெண்டு தப்பும் ஒரே எடை இல்லை. நடக்கறவர் மோதினா கார்ல ஒரு கீறல் விழலாம். ஆயிரம் கிலோ கார் மோதினா? அதனால பொறுப்பும் அந்தப் பக்கம்தான் எடை அதிகம்.

இப்ப பஜார் ஓரமா நிக்கற டெலிவரி பையன்களைப் பாருங்க. முதுகுல பெரிய பை, ஹேண்டில்ல போன். அவங்களைத் திட்டறது ரொம்ப ஈஸி. ஆனா அவங்களுக்கு அந்த போன்தான் முதலாளி. ஆர்டர் வர்றது அதுல, வழி காட்டுறது அதுல, நேரம் ஓடுறது அதுல. போதாக்குறைக்கு ஹாஸ்டல்லேர்ந்து பிரியாணிக்குக் காத்திருக்கற ஒரு ஜீவன், 'அண்ணா, எங்க இருக்கீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?'னு மூணாவது தடவையா கூப்பிடும். அந்த ஜீவன் யாரு? சத்தியமா கண்ணாடியைப் பார்க்காம பதில் சொல்லுங்க!

இதுதான் இந்த நடையில நாம கண்டுபிடிச்சாக வேண்டிய விஷயம். வண்டிக்காரர் கையில இருக்கற போனுக்கு இன்னொரு முனை இருக்கு. அந்த முனையில எப்பவும் ஒருத்தர் இருக்கார். 'கிளம்பிட்டியா?'ன்னு கேட்கற அம்மா. 'எங்கடா இருக்க, படம் போட்டுட்டான்'னு கத்தற ஃப்ரெண்டு. 'ஏன் எடுக்க மாட்டேங்கற, என்மேல கோபமா?'ன்னு சந்தேகப்படற காதலி. அவசரமா ஃபைல் கேட்கற மேனேஜர். யாருமே கெட்டவங்க இல்லை. பாசத்துலயும் அக்கறையிலயும்தான் கூப்பிடறாங்க. ஆனா அந்தப் பாசம், உஸ்மான் ரோட்டுல கை காட்டி நிற்கிற அம்மாவுக்குச் சேர வேண்டிய ரெண்டு கண்ணைப் பிடுங்கிக்குது.

கடைசி சிக்னல்

தணிகாசலம் சாலை முனையைத் தாண்டி நேரா நடந்தா தேனாம்பேட்டை. அண்ணா சாலை! எதிர்ல எல்டாம்ஸ் ரோடு. இங்க சிக்னல் இருக்கு. பச்சை மனுஷன் வர்ற வரைக்கும் நில்லுங்க. வந்த பிறகும் ஒரு நொடி பொறுங்க. முதல் வரிசையில நிற்கிற வண்டிகளைப் பாருங்க. எத்தனை தலை நிமிர்ந்திருக்கு, எத்தனை தலை குனிஞ்சிருக்குன்னு எண்ணுங்க. குனிஞ்ச தலை இருந்தா, அது நிமிர்ற வரைக்கும் அந்த வண்டி முன்னாடி போகாதீங்க. நடையோட முதல் பாடம் இது.

ரெண்டாவது பாடம், நீங்க பைக் எடுக்கும்போது. கிளம்பறதுக்கு முன்னாடி போனை சைலன்ட்ல போட்டு பையோட அடிப் பாக்கெட்டுல போடுங்க. மேப் பார்க்கணுமா? ஓரமா நிறுத்திப் பாருங்க. பின்னாடி ஆள் இருந்தா போனை அவர்கிட்ட குடுத்து, 'நீதான் இன்னிக்கு பி.ஏ.'ன்னு சொல்லிடுங்க. 'இப்ப ஓட்டிக்கிட்டு இருக்கான், அப்புறம் பேசுவான்'னு அவர் பார்த்துப்பார். ஒருத்தர் கை காட்டினா, வண்டியைத் தளர்த்தி, தலையை ஆட்டுங்க. அந்தச் சின்னத் தலையாட்டலுக்கு ரோட்டைக் கடக்கறவங்க முகத்துல வர்ற நிம்மதியைப் பார்த்திருக்கீங்களா? ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகினவர் பார்த்திருக்க மாட்டார்.

மூணாவது பாடம்தான் முக்கியம். அதுக்கு வண்டியே வேணாம், லைசென்ஸ் வேணாம், பதினெட்டு வயசு ஆகணும்னும் இல்லை. இன்னிக்கு ராத்திரி யாருக்காவது போன் பண்ணுவீங்க இல்லையா? எடுத்ததும் 'எங்க இருக்க?'ன்னு கேட்காதீங்க. 'வண்டியில இருக்கியா?'ன்னு கேளுங்க. 'ஆமா'ன்னு பதில் வந்தா, 'சரி, நிறுத்திட்டுக் கூப்பிடு'ன்னு சொல்லி நீங்களே கட் பண்ணுங்க. எவ்வளவு சுவாரஸ்யமான மேட்டரா இருந்தாலும் சரி.

அந்த நொடியில, நீங்க பார்த்தே இராத யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு ரோட்டு ஓரத்துல, உள்ளங்கையை உயர்த்திக்கிட்டு நிற்கலாம்.